மூன்று தரம் கூப்பிட்ட குரல்

ஆனைமலைக்கு மேலே, மழை ஒருமுறை ஏறி வந்தால் இறங்க மனமில்லாமல் மாதக்கணக்கில் தங்கிவிடுகிற கருங்குன்று எஸ்டேட்டில், ரெட்டைவால் குருவி முதன்முதலாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டது ராக்கம்மாவைத்தான். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள் மேட்டுப் பக்கம் "ராக்கு" என்று தன் தங்கச்சி குரல் கேட்டதும், தங்கச்சி கல்யாணமாகிப் பல்லடத்தில் இருக்கிறாள் என்கிற ஞாபகம் வருவதற்கு முன்னாலேயே கூடையோடு மேலே ஏறிவிட்டாள். அவள் நின்றிருந்த இடத்தில் தேயிலைச் செடியைப் பிளந்துகொண்டு ஒரு காட்டெருமை வந்து நின்றது. மேலே சில்வர் ஓக் கிளையில், கறுப்பாக, வாலில் இரண்டு கம்பியும் கம்பி நுனியில் இரண்டு துடுப்பும் தொங்க, அந்தக் குருவி உட்கார்ந்திருந்தது. ராக்கம்மா காட்டெருமையைப் பார்த்தாள், குருவியைப் பார்த்தாள். "அப்படியே அவளாட்டம் மூக்கால கூப்பிடுது பாரு" என்று பக்கத்து நிரையில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு, காட்டெருமை இறங்கிப் போனதும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தாள். எடை போடுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் குருவியைப் பற்றித்தான் சுகிர்தா பிஎச்டி பண்ணிக்கொண்டிருந்தாள். நாகர்கோவில்காரி. கோயம்புத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் பேர் பதிந்துவிட்டு, கருங்குன்றில் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் காலியாகக் கிடந்த ஒன்றில் ஒலிவாங்கியும் மழைக்கோட்டும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்புமாக வந்து சேர்ந்திருந்தாள். காலி வீட்டுக்கு அங்கே பஞ்சமில்லை, இளவட்டங்கள் எல்லாம் திருப்பூருக்கு இறங்கிப் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. படித்த பெண் காட்டோரத்தில் நின்று குருவி கத்துவதைப் பதிவு பண்ணுவதை லைனில் யாரும் கேலி செய்யவில்லை. சம்பளம் தருகிறார்களாம் என்று தெரிந்த பிறகு மரியாதையே வந்துவிட்டது. எல்லாருக்கும் அவள் குருவி மேடம்.

ரெட்டைவாலிடம் ஒரு வித்தை உண்டு. மற்ற குருவிகளின் பாஷை எல்லாம் அதற்குத் தெரியும். பாம்போ பருந்தோ வந்தால் மைனாவுக்கு மைனா பாஷையிலும் சிலம்பனுக்குச் சிலம்பன் பாஷையிலும் ஆபத்து என்று கத்தும். அதை நம்பித்தான் மற்றதெல்லாம் தலையைக் குனிந்து நிம்மதியாக இரை பொறுக்கும். பத்துக்கு ஒன்பது தடவை அது சொல்வது உண்மை. ஆனால் சிலம்பன் வாயில் கொழுத்த புழுவாக ஒன்று அகப்பட்டுவிட்டதென்றால், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தாலும் பருந்து பருந்து என்று கத்தும். சிலம்பன் புழுவைப் போட்டுவிட்டு ஓடும். இது சாவகாசமாக இறங்கி எடுத்துக்கொள்ளும். அற்பப் பூச்சிக்காக அது பொய் சொல்லவே சொல்லாது, பொய்யை வீணாக்காத பிராணி அது. இதை நிரூபிப்பதற்காகச் சுகிர்தா முதல் வருஷம் முழுக்கப் புதருக்குள் ஒலிபெருக்கியை ஒளித்து வைத்து, பதிவு பண்ணிய குரல்களைச் சோலைக்காட்டுக்குத் திருப்பிப் போட்டுக் காட்டினாள். ஒவ்வொரு குரலையும் மூன்று தரம், நடுநடுவே ஒரே அளவு இடைவெளி விட்டு. அவளுடைய கைடு அப்படித்தான் சொல்லியிருந்தார்: "ஒரு தரம் நடந்தா அது தற்செயல்மா. மூணு தரம் நடந்தாத்தான் ஆதாரம்."

லைனிலும் அதே கணக்குத்தான் இருந்தது, காரணம்தான் வேறு. பொழுது சாய்ந்த பிறகு யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஒற்றைக் குரலுக்குத் திரும்பக்கூடாது என்று சுகிர்தா வந்த முதல் வாரமே ராக்கம்மா அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். "மூணு தரம் கூப்பிட்டா மனுசன், மேடம். ஒரு தரம் கூப்பிடறது என்னன்னு நாம பேசிக்க வேண்டாம்." சுகிர்தா சிரித்தாள். பேயும் பல்கலைக்கழகமும் ஒரே எண்ணில் ஒத்துப்போகிறதே என்று கைடிடம் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

அந்த முதல் வருஷ மழையில் இன்னொன்றும் நடந்தது. ஓடைப் பாறையில் பாசி வழுக்கிச் சுகிர்தா விழுந்து, கணுக்கால் பிசகி, எழ முடியாமல் கிடந்தாள். "செவ்வந்தி, ஓடி வா" என்று கத்தினாள். செவ்வந்தி பக்கத்து வீட்டுக்காரி, அவளைவிட இரண்டு வயது இளையவள், மேலே சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். குரல் கேட்டதும் கூடையைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டு, பாறைக்குப் பாறை தாவி இறங்கி வந்து, அவளை முதுகில் தூக்கிக்கொண்டு போய் லைனில் சேர்த்தாள். கவிழ்ந்த கூடையிலிருந்து சிதறிய இலைக்குள் இருந்த புழுக்களை ரெட்டைவால் ஒன்று இறங்கி ஒன்றுவிடாமல் பொறுக்கியது. செவ்வந்தியின் முதுகில் தொங்கிக்கொண்டே சுகிர்தா அதைப் பார்த்தாள். வலியிலும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, இப்படி ஒரு காட்சி எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று.

இதெல்லாம் குருவி மனிதக் குரலில் பேசுவதற்கு முன்னால். பேச ஆரம்பித்த பிறகு லைனுக்கு அதைப் பழகிக்கொள்ள ஒரு மாதம்கூடப் பிடிக்கவில்லை. சிறுத்தை வந்தால் கூப்பிட்டது, யானை வந்தால் கூப்பிட்டது, மண் சரியப் போகிற மேட்டில் நின்றவர்களைக் கூப்பிட்டது. எல்லாம் ஒரே ஒரு தரம், எல்லாம் உண்மை. பிரச்சினை வேறு இடத்திலிருந்து வந்தது. யாரை எந்தக் குரலில் கூப்பிட்டால் யோசிக்காமல் ஓடி வருவார்களோ அந்தக் குரலில்தான் அது கூப்பிட்டது. சிலம்பனிடம் செய்கிற அதே வேலைதான். ஆனால் சிலம்பனுக்குக் குடும்பம் நடத்துகிற தொல்லை கிடையாது. லாரி டிரைவர் வேலுச்சாமியைச் சிறுத்தையிடமிருந்து காப்பாற்றியது அவன் பெண்டாட்டி மல்லிகாவின் குரல் இல்லை, கீழ் லைன் கனகுவின் குரல். அன்று சாயங்காலம் மல்லிகா விட்டெறிந்த குண்டானைப் பார்த்தவர்கள், இவனைச் சிறுத்தையே அடித்திருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் தம்பியோடு பேச்சை நிறுத்தியிருந்த சின்னப்பனை, குருவி அந்தத் தம்பியின் குரலிலேயே "அண்ணே" என்று கூப்பிட்டது. சின்னப்பன் அன்றைக்கே ஒரு பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு போய்த் தம்பி வீட்டு வாசலில் நின்றான். கங்காணி மாடசாமிக்கு உலகத்தில் எந்த மனிதக் குரலும் பொருட்டில்லை, அவருக்கு ஃபேக்டரிச் சங்கு மாதிரி ஊதியது. யாருமில்லாத தேவசகாயத்தை மட்டும் நெடுநாள் கூப்பிடவே இல்லை. அவர் ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தார். கடைசியில் ஒருநாள், செத்துப்போன அவருடைய நாய் குரைப்பது போலக் குரைத்தது. அவர் உட்கார்ந்து அழுதார், ஆனால் அன்றிலிருந்து நிமிர்ந்து நடந்தார்.

இப்படி யாருக்கு யார் என்பது ஊரறிந்த சேதியாகிவிட்டதில் சில வீடுகள் உடைந்தன, சில வீடுகள் ஒட்டின, மொத்தத்தில் லைன் அதை ஒரு நல்ல காலமாகவே எடுத்துக்கொண்டது. யானைக் காவலுக்கு நின்ற ஆட்களை ஆபீஸ் வேறு வேலைக்கு மாற்றியபோது யாரும் கேள்வி கேட்கவில்லை. யானை வந்தால் எரிகிற சிவப்பு விளக்கு பழுதானபோது யாரும் புகார் கொடுக்கவில்லை. நாய்கள்கூடக் குரைப்பதைக் குறைத்துக்கொண்டன. எல்லாரும் தலையைக் குனிந்து நிம்மதியாகக் கொழுந்து பொறுக்கினார்கள். அந்தக் குனிந்த தலைகளை மேட்டிலிருந்து பார்க்கும்போதெல்லாம் சுகிர்தாவுக்குச் சிலம்பன்தான் ஞாபகம் வந்தது.

அவள் கைடுக்குப் போன் போட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "மனுஷக் குரல் சமாச்சாரத்தை எழுத வேண்டாம்மா. எவனும் பிரசுரம் பண்ண மாட்டான். சிலம்பனை மட்டும் எழுது" என்றார்.

"சார், அது இவ்வளவு நாளா உண்மையே சொல்லிட்டு இருக்கு. எனக்கு அதுதான் பயமா இருக்கு."

"உண்மை சொன்னா என்ன பயம்?"

"பொய்யைச் சேத்து வைக்குது, சார்."

அவர் சிரித்து, மலைக் குளிரில் தனியாக இருந்தால் அப்படித்தான் தோன்றும், பொங்கலுக்கு ஊருக்குப் போய் வா என்றார். சுகிர்தா போகவில்லை. லைனில் ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டு திரிந்தாள். தூக்குச்சட்டி, கத்திரி, கிழிந்த குடை. கொழுத்ததாக இவர்களிடம் என்ன இருக்கிறது, அற்பத்துக்காக அது பொய் சொல்லாது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். அப்போதுதான் செவ்வந்தி முழுகாமல் இருக்கிற சேதி வந்தது.

அந்த லைனில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்ததென்றால், குழந்தைக் காப்பகத்து ஆயாவை ஆபீஸைக் கூட்டிப் பெருக்க அனுப்பியிருந்தார்கள், தொட்டில் கம்பியில் உரச் சாக்கு தொங்கியது. செவ்வந்திக்கும் அவள் புருஷன் ஞானமுத்துவுக்கும் கல்யாணமாகிப் பத்து வருஷம். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், மாதம் ஒருமுறை வருவான். கோயிலும் ஆஸ்பத்திரியுமாக அலைந்து ஓய்ந்த பிறகு, யாரும் எதிர்பாராமல் பிறந்தது ஒரு பெண் குழந்தை. ஜீப்பில் அதைக் கொண்டுவந்து இறக்கிய அன்று, வேலுச்சாமியும் மல்லிகாவும் சேர்ந்து நின்றார்கள், கங்காணி சிரித்தார், தேவசகாயம் வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார். சரிவில் இருந்த சில்வர் ஓக் மரம் ஒன்று பாக்கியில்லாமல் ரெட்டைவால் உட்கார்ந்திருந்தது. கத்தவில்லை. ஒன்றுக்கொன்று ஆகாத, எல்லை பிரித்து வாழ்கிற குருவிகள் அவை. இப்படிச் சேர்ந்து உட்கார்ந்து சுகிர்தா ஒருநாளும் பார்த்ததில்லை.

"நம்ம பாப்பாவைப் பாக்க வந்திருக்கு" என்றாள் ராக்கம்மா. எல்லாரும் அண்ணாந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். சுகிர்தா மட்டும் குனிந்து, செவ்வந்தி கையில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எல்லாரையும் குழாயடியில் கூட்டி வைத்துச் சொன்னாள். சிலம்பனையும் புழுவையும் சொன்னாள். லைன்காரர்கள் அவளைக் கோபிக்கவில்லை, பரிதாபமாகப் பார்த்தார்கள். "உள்ளங்கை அளவு குருவி, மேடம். அது பிள்ளையத் தூக்கிட்டுப் போயி என்ன செய்யும்?" என்று ராக்கம்மா கேட்டாள். "சந்தேகப்பட்டா அது போயிரும்" என்று சின்னப்பன் பயந்தான். கடைசியில் அவர்களுக்குப் புரிகிற வழியைத்தான் அவள் பிடித்தாள். குருவி இதுவரை யாரையும் ஒரு தரத்துக்கு மேல் கூப்பிட்டதில்லை. ஆகவே பிள்ளையைக் கையில் வைத்திருப்பவர்கள் ஒற்றைக் குரலுக்கு அசையக்கூடாது, மூன்று தரம் கூப்பிட்டால்தான் மனிதன். இதில் யாருக்கும் ஆட்சேபமே இல்லை. ஏற்கெனவே தெரிந்த சங்கதியைப் படித்தவளே வந்து சொல்கிறாளே என்று பெருமைப்பட்டார்கள்.

லைன் ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டால் அரைகுறையாகச் செய்யாது. அன்று முதல் அங்கே எல்லாரும் எல்லாரையும் மூன்று தரம் கூப்பிட்டார்கள். சோறு தின்னப் புருஷனை மூன்று தரம், குழாயில் தண்ணீர் வந்தால் பக்கத்து வீட்டை மூன்று தரம். கங்காணிகூட ஆள் பேர் படிக்கும்போது மூன்று தரம் படித்ததில் காலை வேலை தாமதமாயிற்று. மரங்களில் இருந்த ரெட்டைவால்கள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தன. சுகிர்தா அதைப் பார்த்தாள். பார்த்தும், பயத்தில் இருக்கிறவர்கள் கண்ணுக்கு நேரே நிற்பதைக் கவனிக்காமல் போவது போல, கவனிக்காமல் போனாள்.

இன்னொன்றும் செய்தாள். பிள்ளைக்குப் பேர் வைப்பதைத் தள்ளிப்போடச் சொன்னாள். "பேர் இல்லைன்னா அது எப்படிப் பிள்ளையைக் கூப்பிடும்?"

செவ்வந்தி மூன்று பேர் யோசித்து வைத்திருந்தாள். பிள்ளையின் உள்ளங்காலைத் தடவினாள். "நீ சொன்னாச் சரிக்கா" என்றாள். பிறகு சிரித்தாள். "ஆமா, ஊர்ல எல்லாத்தையும் கூப்பிட்டிருச்சு, என்னைய மட்டும் இதுவரைக்கும் கூப்பிடலையே. எனக்கு யாரு குரல்ல கூப்பிடும்? அவரு குரல்லயா? அவரு குரல் போன்லயே பாதிதான் கேக்குது."

"உன்னைக் கூப்பிடவே வேண்டாம்" என்றாள் சுகிர்தா.

பேறுகால விடுப்பு முடிந்து செவ்வந்தி வேலைக்கு வந்தாள். காப்பகத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆயா இல்லை; ஆபீஸ் அவளைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆகவே பிள்ளை மார்போடு சேர்த்துக் கட்டிய துணியில் இருந்தது, லைனே முறை போட்டுக்கொண்டு செவ்வந்தியைச் சுற்றி நின்று கொழுந்து எடுத்தது. அந்த நாட்களில் குருவிகள் யாரையும் கூப்பிடவில்லை. யானை ஒன்று சத்தமில்லாமல் வந்து வாழையைத் தின்றுவிட்டுப் போயிற்று, எச்சரிக்கை வரவில்லை. "அதுக்கும் ஓய்வு வேணாமா" என்று தேவசகாயம் பரிந்து பேசினார்.

கார்த்திகை பிறந்து, முற்பகலிலேயே மேகம் சரிவில் இறங்கிப் பக்கத்து ஆள் தெரியாமல் போன ஒருநாள், சுகிர்தா சோலை ஓரத்தில் மேல் மேட்டில் ஒலிவாங்கியோடு நின்றுகொண்டிருந்தாள். கீழே சரிவில் கொழுந்து எடுக்கிறவர்கள் மூன்று மூன்று தரமாகக் கூப்பிட்டுக்கொள்வது மேகத்துக்குள்ளிருந்து கேட்டது. பிறகு ஓடைப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"செவ்வந்தி, ஓடி வா."

சுகிர்தாவின் வாய் மூடியிருந்தது. ஆனால் குரல் அவளுடையது. பாறையில் கணுக்கால் பிசகிக் கிடந்த அன்று கத்திய அதே கத்தல், அதே மூச்சிரைப்பு. ஒரு தரம்தான், செவ்வந்தி அசைய மாட்டாள் என்று நினைத்தாள். ஓர் இடைவெளி. அந்த இடைவெளியை அவளுக்குத் தெரியும். லைனில் எவரும் அப்படி அளந்து இடைவெளி விட்டுக் கூப்பிடுவதில்லை. முதல் வருஷம் முழுக்கப் புதருக்குள்ளிருந்து அவள்தான் அதைச் சோலைக்குப் போட்டுக் காட்டியிருந்தாள்.

"செவ்வந்தி, ஓடி வா."

"போகாத!" என்று சுகிர்தா கத்தினாள். கத்திக்கொண்டே இறங்கினாள். "நான் இங்க இருக்கேன், போகாத, செவ்வந்தி!" அவளுடைய கத்தலும் அந்த மேகத்துக்குள் இன்னும் ஒரு குரலாகத்தான் போய்ச் சேர்ந்தது. அந்த அளந்த இடைவெளி முடிந்தது.

"செவ்வந்தி, ஓடி வா."

அவள் செடிகளுக்குள் விழுந்து, எழுந்து, முழங்கால் கிழிந்து இறங்கியபோது, ஓடைப் பக்கமிருந்து செவ்வந்தி எதிரே ஓடி வந்தாள். மார்பில் துணி இல்லை. இரண்டு கையும் வெறுமனே இருந்தன. சுகிர்தா நல்லபடியாக நிற்பதைப் பார்த்ததும் அவள் முகத்தில் முதலில் வந்தது நிம்மதிதான்.

"எங்க விழுந்தேக்கா? ஓடையில உன்னையக் காணலையே."

"பிள்ளை எங்க?"

"பாறை வழுக்குமேன்னு மரத்தடியில படுக்க வெச்சிட்டு வந்தேன். கூடக் கனகுதான் இருந்தா, அவளையும் அவங்கம்மா கூப்பிட்டுச்சு." செவ்வந்தி அவள் முகத்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கச் செவ்வந்தியின் முகமும் மாறியது. "நீதானக்கா கூப்பிட்டே? மூணு தரம் கூப்பிட்டியே."

மரத்தடியில் துணி இருந்தது. செவ்வந்தி போட்ட முடிச்சு அவிழவில்லை. உள்ளே சூடு மட்டும் இருந்தது.

லைன் முழுக்க ஓடி வந்தது. ஒவ்வொருவராக வந்து துணியைப் பார்த்துவிட்டு, யாரும் அழாமல், தேடப் பிரிந்து நின்றார்கள். அப்போது சோலைக்குள்ளிருந்து குழந்தை அழுதது. செவ்வந்தி சத்தம் வந்த பக்கம் பாய்ந்தாள். அவள் பாயும்போதே இடது பக்கத்து மரத்திலிருந்து குழந்தை அழுதது. பிறகு மேட்டிலிருந்து. பிறகு முதுகுக்குப் பின்னால், தேயிலைக் காட்டுச் சில்வர் ஓக் மரங்களிலிருந்து. மேகத்துக்குள் மரமெல்லாம் அழுதது, அதே குழந்தை, அதே பசி.

எல்லாரும் சுகிர்தாவைப் பார்த்தார்கள். எது குருவி, எது மற்றது என்று பிரித்துச் சொல்வதற்காகத்தானே இந்தப் பெண் இத்தனை வருஷம் காட்டோரத்தில் நின்று படித்தாள். "எந்தப் பக்கம், மேடம்?" என்று தேவசகாயம் கேட்டார். கேட்டுவிட்டு, அவளுக்குத் தொந்தரவு ஆகக்கூடாதென்று மூச்சை அடக்கிக்கொண்டார்.

சுகிர்தா கண்ணை மூடினாள். குருவிக்கு மூன்றுதான் தெரியும், அளந்த இடைவெளிதான் தெரியும். எண்ணத் தெரியாமல் அழுகிற ஒன்று எங்கோ இருக்கும், அதுதான் பிள்ளை. அவள் ஒவ்வொரு மரமாகக் கேட்டாள். ஓடைப் பக்கம் மூன்று தரம் அழுது நின்றது. மேட்டில் மூன்று தரம் அழுது நின்றது. இடது பக்கம், வலது பக்கம், சோலைக்கு உள்ளே வெகு உள்ளே, கேட்கிற எல்லை வரைக்கும் போய்க் கேட்டாள். எல்லாம் மூன்று தரம் அழுதன. எல்லாம் ஒரே அளவு இடைவெளி விட்டன.

அவள் கண்ணைத் திறந்தபோது எல்லாரும் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளால் எந்தப் பக்கமும் கையை நீட்ட முடியவில்லை. செவ்வந்தி மட்டும் காத்திருக்கவில்லை. தன் குரலைக் கேட்டால் பிள்ளை பதில் கொடுக்கும் என்று சோலையைப் பார்த்துக் கூப்பிட வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு சுகிர்தாவைத் திரும்பிப் பார்த்தாள்.

கூப்பிடப் பிள்ளைக்குப் பேர் இல்லை.